மையர்: ஒரு பதவி குடும்பப் பெயரான வரலாறு

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் மையர் என்ற குடும்பப் பெயர் உடையவர் ஓர் அலுவலகத்தில் தன் பெயரைச் சொன்னால், எதிரில் இருப்பவர் அடுத்துக் கேட்பது "எந்த மையர்?" என்பதுதான். நடுவில் இ-ஐ போட்டு எழுதும் மையரா, இ-ஒய் போட்டு எழுதும் மையரா, ஏ-ஐ வடிவமா, ஏ-ஒய் வடிவமா? காதுக்கு நான்கும் ஒன்று. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் கடைசி உயிரெழுத்தையும் விட்டுவிட்ட ஐந்தாவது வடிவம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே எண்ணினால் முல்லர், ஷ்மிட் போன்ற பெயர்கள் முந்திக்கொள்ளும். எல்லாவற்றையும் கூட்டி எண்ணினால், ஜெர்மானியப் பெயர்களிலேயே மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று இது.

இத்தனை மையர்களுக்கும் மூதாதை ஒருவரா என்ற கேள்வி இயல்பாகவே எழும். குலச்சின்னம் வரைந்து, "உங்கள் குடும்பத்தின் தொன்மையான கேடயம்" என்று சட்டம் போட்டு விற்பவர்கள் ஆம் என்றுதான் சொல்வார்கள். ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. இந்தப் பெயர் ஆயிரக்கணக்கான ஊர்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், சில நூற்றாண்டுகளுக்குள் தனித்தனியே பிறந்தது. அது முதலில் ஒரு பதவிக்கு உரியதாக இருந்தது, பிறகு ஒரு நிலத்துக்கு உரியதாக ஆனது, கடைசியில்தான் ரத்த உறவுக்கு உரியதாயிற்று. இந்த மூன்று கட்டங்களையும் பிரித்துப் பார்க்காமல் மையர் பெயரை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

வேர் லத்தீன். பெரியவர், மேலவர் என்ற பொருளில் வரும் மாயோர் என்ற சொல், ஃபிராங்க் அரசர்களின் காலத்தில் இரண்டு வகை மனிதருக்கு வழங்கியது. ஒருவர் அரண்மனையின் மாயோர். அரசரின் பெயரால் நாட்டையே நடத்தியவர். சார்லஸ் மார்டெல் அந்தப் பதவியில் இருந்தவர்தான். அவர் மகன் பிப்பின் 751-ல் மெரோவிங்கிய அரசரை அகற்றிவிட்டுத் தானே முடிசூடிக்கொண்டார். இன்னொருவர் கிராமப் பண்ணையின் மாயோர். நம் மையர் இவர் வழி வந்தவர். பிரெஞ்சில் ஊராட்சித் தலைவரைக் குறிக்கும் சொல்லும், அதன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சியோடு தமிழுக்கு வந்து சேர்ந்த மேயர் என்ற சொல்லும் இதே வேரின் கிளைகள். லெமேர் என்ற பிரெஞ்சுக் குடும்பப் பெயர் மையரின் ஒன்றுவிட்ட சகோதரர்.

பண்ணை மாயோரின் வேலை என்ன? அரசரோ, ஆயரோ, ஒரு மடமோ ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஏராளமான நிலத்துக்கு உடைமையாளர்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு தலைமைப் பண்ணை. அதைச் சுற்றி இரண்டு வகை நிலம். ஒரு பகுதி பண்ணையின் சொந்தச் சாகுபடி. மறு பகுதி ஹூபே எனப்பட்ட துண்டுகளாகக் குடியானவர்களிடம் விடப்பட்டிருக்கும். ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் ஒரு ஹூபே. அந்தக் குடும்பங்கள் தானியமும் கோழியும் முட்டையும் செலுத்தும், வாரத்தில் சில நாள் பண்ணை நிலத்தில் கூலியில்லா ஊழியமும் செய்யும். ஊழியத்துக்கு ஆள் திரட்டுவது, விளைச்சலை அளந்து களஞ்சியத்தில் சேர்ப்பது, உடைமையாளரின் பங்கை அனுப்பிவைப்பது, சின்னச் சின்ன வழக்குகளைத் தீர்ப்பது எல்லாம் மாயோரின் பொறுப்பு. நம் ஊர்ப் பழைய பண்ணைகளின் காரியஸ்தரை நினைத்துக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

800-ஐ ஒட்டி சார்லமேனின் அரச பண்ணைகளுக்காக எழுதப்பட்ட ஓர் ஒழுங்குமுறை ஆவணத்தில் இந்த மாயோர்களைப் பற்றி இரண்டு விதிகள் வருகின்றன. ஒரே நாளில் சுற்றிப் பார்க்க முடிகிற அளவுக்கு மேல் எந்த மாயோரிடமும் நிலப்பரப்பை ஒப்படைக்கக் கூடாது என்பது ஒன்று. செல்வாக்கு மிக்கவர்களை இந்தப் பதவியில் அமர்த்தாமல், நடுத்தர நிலையில் உள்ள விசுவாசமானவர்களையே அமர்த்த வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது விதிக்குப் பின்னால் இருக்கும் அச்சம் தெளிவானது. காரியஸ்தர் வலுத்துவிட்டால் பண்ணை அவருடையதாகிவிடும்.

நடந்ததும் அதுவே. சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் மடத்தின் வரலாற்றை 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய துறவி நான்காம் எக்கெஹார்ட், மடத்தின் கிராமங்களில் இருந்த மாயோர்களைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். பளபளப்பாகத் தீட்டிய கேடயமும் ஆயுதமும் தாங்கித் திரிகிறார்களாம். ஊரார் ஊதுவதுபோல அல்லாமல் வேறு தொனியில் கொம்பு ஊதுகிறார்களாம். முதலில் முயல் வேட்டைக்கு நாய் வளர்த்தவர்கள், பிறகு ஓநாய், கரடி, காட்டுப்பன்றி என்று போய்விட்டார்களாம். இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த சாட்சியம் இது. பிறப்பால் உரிமையற்ற ஊழியர் வகுப்பைச் சேர்ந்த ஒருவர், தன் பதவியின் பலத்தில், ஒரு தலைமுறையிலோ இரண்டிலோ மாவீரரின் தோற்றத்துக்கு ஏறிவிடுவதை அருகில் இருந்து பார்த்தவரின் எழுத்து அது.

அப்படி ஏறியவர்களில் சிலர் உண்மையிலேயே சிறு பிரபுக்களாக ஆனார்கள். பெரும்பாலோர் ஆகவில்லை. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பழைய பண்ணை முறையே கலைந்தது. சந்தையும் காசும் பெருகிய காலம். ஊழியத்தையும் முட்டைக் கணக்கையும் வைத்துக்கொண்டு மல்லாடுவதைவிட, தலைமைப் பண்ணையை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டு நிலையான வரும்படி வாங்குவது மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் லாபமாக இருந்தது. அந்தக் குத்தகையை எடுத்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அங்கிருந்த மையர்கள். ஆகவே காரியஸ்தரைக் குறித்த சொல், ஊரின் மிகப் பெரிய குத்தகைப் பண்ணையை நடத்தும் உழவரைக் குறிக்கலாயிற்று.

அந்தப் பாதை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டது. இன்றைய கீழ் சாக்ஸனியில் மையர் உரிமை என்றே ஒரு குத்தகைச் சட்டம் வளர்ந்தது. தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு மட்டும் தரப்பட்ட குத்தகை, தவணை முடியும்போதெல்லாம் ஒரு தொகை கட்டிப் புதுப்பிக்கப்பட்டு, 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பரம்பரை உரிமையாக இறுகியது. ஒழுங்காகக் குத்தகை கட்டும் மையரை நிலக்கிழார் வெளியேற்றக் கூடாது என்று அங்கிருந்த ஆட்சியாளர்கள் தடை போட்டார்கள். வரி கட்டும் குடும்பம் நிலைத்திருந்தால்தான் கருவூலம் நிறையும் என்பது அவர்கள் கணக்கு. இதனால் வடமேற்கில் முழுப் பண்ணை நடத்தும் எந்த உழவருக்கும் மையர் என்பது பொதுப் பெயராகிவிட்டது. சுவிட்சர்லாந்தில் அதே சொல் கிராமத்துக் கீழ் நீதிமன்றத்தின் தலைவரைக் குறித்தது. பவேரியாவில் மையர் பெரிய பண்ணைக்காரர், ஹூபர் அவரைவிடச் சிறிய நிலத்துக்காரர். இன்றும் அந்த வட்டாரத்தில் இந்த இரண்டு பெயர்களும் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கின்றன.

ஒரு தொழிலின் பெயர் எப்போது குடும்பப் பெயராகிறது? ஜெர்மானியர்கள் நெடுங்காலம் ஒற்றைப் பெயரோடு வாழ்ந்தவர்கள். பழங்காலத்தில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு வேர்ச்சொற்களை இணைத்துப் புதுப்புதுப் பெயர்களை உருவாக்கினார்கள். பிறகு அந்த வளம் வற்றியது. அரசர் பெயர்களும் புனிதர் பெயர்களுமான ஹைன்ரிஹ், கோன்ராட், யோஹன்னஸ் போன்ற சில பெயர்களே எங்கும் நிறைந்தன. எல்லாத் தரப்பு மக்களும் என்று சொல்ல ஜெர்மனில் இன்றும் ஹின்ஸும் குன்ஸும் என்பார்கள். அவை ஹைன்ரிஹ், கோன்ராட் என்பவற்றின் செல்ல வடிவங்கள். நகரங்கள் வளர்ந்து, சொத்துப் பத்திரமும் வரிப் பட்டியலும் பெருகியபோது ஒரே பெயருள்ள பத்துப் பேரைப் பிரித்தறிய இன்னொரு பெயர் வேண்டியிருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரை நகரங்களிலும் தெற்கிலும் தொடங்கிய வழக்கம், கிராமங்களுக்கும் வடக்குக்கும் மெதுவாகவே போய்ச் சேர்ந்தது. வடகோடியின் ஃப்ரீசிய மக்கள், தந்தையின் பெயரையே அடைமொழியாக வைத்துக்கொண்டு தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டு வந்தவர்கள், 1811-ல் நெப்போலியனின் ஆணை வந்த பிறகுதான் நிலையான குடும்பப் பெயர் எடுத்தார்கள்.

இங்கேதான் ஆய்வாளர்களுக்குப் பெரிய சிக்கல் எழுகிறது. 13-ஆம் நூற்றாண்டு எழுத்தர் லத்தீனில் எழுதினார். மையர் என்று அவர் எழுத மாட்டார், வில்லிகுஸ் என்று எழுதுவார். ஹைன்ரிகுஸ் வில்லிகுஸ் என்று ஓர் ஏட்டில் இருந்தால், அது காரியஸ்தர் ஹைன்ரிஹா, மையர் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஹைன்ரிஹா? ஒற்றைப் பதிவை வைத்துச் சொல்லவே முடியாது. அடுத்த தலைமுறையில் அந்தப் பண்ணையோடு தொடர்பே இல்லாமல் நகரத்தில் ரொட்டி சுடும் மகனும் அதே பெயரால் அழைக்கப்பட்டால் அது குடும்பப் பெயர். அண்ணன் தம்பி இருவரும், பதவியில் இருப்பவர் ஒருவர் மட்டுமே ஆனபோதும், அதே பெயரைத் தாங்கினால் அது குடும்பப் பெயர். இந்தச் சோதனையைச் செய்யாமல், முதல் முறை ஏட்டில் வந்த ஆண்டையே குடும்பத்தின் தொடக்கமாகக் காட்டும் வம்சாவளி நூல்களை நம்புவதற்கில்லை.

பதவியை விட்டுப் பெயர் பிரிந்து பரவியதற்கு வாரிசு முறை பெரிய காரணம். வடமேற்கிலும் பவேரியாவிலும் பண்ணையைத் துண்டு போடாமல் ஒரே பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கம். மற்றப் பிள்ளைகள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். தச்சராக, படைவீரராக, கூலியாளாக ஆனார்கள். ஊருக்கு ஒரு மையர் பண்ணைதான் இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் அங்கிருந்து நிலமற்ற மையர்கள் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரே வட்டாரத்தில் மையர்கள் குவிந்தபோது அந்தப் பெயருக்கே அடையாளம் தேவைப்பட்டது. ஓபர்மையர் மேட்டுப் பண்ணைக்காரர், நீடர்மையர் பள்ளத்துக்காரர், பாஹ்மையர் ஓடைக்கரைக்காரர், கிர்ஹ்மையர் தேவாலயத்தை அடுத்தவர், ஹின்டர்மையர் பின்புறத்தவர், ஓஸ்டர்மையர் கிழக்கத்தியர். ஒரு பவேரியக் கிராமத்தின் நில அமைப்பை இந்தப் பெயர்களை வைத்தே ஓரளவு வரைந்துவிடலாம். வடக்கே நீமையர் என்று ஒன்று உண்டு. தாழ்ஜெர்மன் பேச்சில் நீ என்றால் புதிய. புதிதாகப் பண்ணைக்கு வந்த மையர் என்று பொருள். பிரேசிலியா நகரின் கட்டடங்களை வடிவமைத்த ஆஸ்கார் நீமையரின் பெயர் ஜெர்மானிய முன்னோர் வழியாக ரியோ வரை போன பெயர்.

நிலமே பெயரைத் தந்தது என்பதற்கு வெஸ்ட்ஃபாலியாவைவிடத் துலக்கமான சான்று இல்லை. அங்கே பண்ணைக்குத்தான் பெயர். அந்தப் பண்ணையில் யார் குடியேறினாலும் அவருக்கு அந்தப் பெயர். மகன் இல்லாத மையர் பண்ணையின் மகளை மணந்து வந்த மாப்பிள்ளை, தன் பிறப்புப் பெயரை வாசலில் விட்டுவிட்டு மையராக உள்ளே நுழைவார். கணவன் இறந்த பின் விதவை மறுமணம் செய்தால் இரண்டாம் கணவரும் மையர்தான். ஓர் ஆண் தன் வாழ்நாளில் இரண்டு, மூன்று குடும்பப் பெயர் தாங்கியதுண்டு. அண்ணன் தம்பிகள் வெவ்வேறு பண்ணைகளில் மணம் முடித்து வெவ்வேறு பெயரில் வாழ்ந்ததுண்டு. தேவாலயப் பதிவேட்டில் பாதிரியார் பழைய பெயரையும் எழுதி, "என அழைக்கப்படும்" என்று ஒரு சொல் சேர்த்துப் பண்ணைப் பெயரையும் எழுதுவார். பிரஷ்ய அரசு 1822-ல் அனுமதியில்லாமல் பெயர் மாற்றுவதைத் தடைசெய்த பிறகுதான் இந்த வழக்கம் தேய்ந்தது. தந்தைவழியாக நேர்கோடு இழுத்துக்கொண்டு போகும் வம்சாவளி ஆர்வலர்கள் வெஸ்ட்ஃபாலியாவில் திணறுவது இதனால்தான். ரத்தம் ஒரு பக்கம் போயிருக்கும், பெயர் இன்னொரு பக்கம் நின்றிருக்கும். மரபணுச் சோதனையில் ஒரே பெயர்க்காரர்கள் இருவர் பொருந்தாமல் போனால், யாரோ தவறிழைத்ததாகக் கருதுவதற்கு முன் பண்ணைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

எழுத்துவேறுபாட்டுக்கு வருவோம். எழுத்தர்களின் கவனக்குறைவு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. தெற்கத்திய எழுத்தர்கள் ஏ-ஐ எழுதியதற்குக் காரணம் இருந்தது. பழைய ஜெர்மனில் இருந்த நெட்டுயிர் ஒன்று இடைக்காலத்தில் ஈருயிராக மாறியது. ஏற்கெனவே இருந்த பழைய ஈருயிரும் புதியதும் பவேரியர், ஸ்வாபியர் பேச்சில் வேறு வேறாக ஒலித்தன. பழையதை ஏ-ஐ என்றும் புதியதை இ-ஐ என்றும் எழுதிப் பிரித்தார்கள். மையர் பழைய ஈருயிர் கொண்ட சொல். ஆகவே தெற்கே அது ஏ-ஐ அல்லது ஏ-ஒய். ஒய் எழுத்து அழகுக்காக எழுத்தர்கள் விரும்பிச் சேர்த்தது. வடக்கே அந்த ஒலி வேறுபாடு எழுத்தில் காட்டப்படாததால் இ-ஒய் நிலைத்தது. ஃப்ரைபுர்க், மைன்ஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளைக் கொண்டு உருவாக்கி, 2009 முதல் 2018 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ஜெர்மன் குடும்பப் பெயர் வரைபட நூல், இத்தகைய வட்டார எல்லைகள் இன்னும் அழியாமல் இருப்பதைக் காட்டுகிறது. இரண்டு உலகப் போர்களும், லட்சக்கணக்கானோரின் இடப்பெயர்வும், நூறு ஆண்டுத் தொழில்மயமும் கடந்த பின்னும் வடக்கு இ-ஒய் பக்கமும் தெற்கு ஏ பக்கமும் நிற்கின்றன. 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பதிவகங்கள் வந்தபோது, அன்று எப்படி எழுதியிருந்ததோ அப்படியே உறைந்தது. 1901-ல் எழுத்துமுறை சீர்செய்யப்பட்டபோதும் குடும்பப் பெயர்களைத் தொடவில்லை.

இந்தப் பெயருக்கு லத்தீனோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு ஊற்றும் உண்டு. எபிரேயத்தில் மெயிர் என்றால் ஒளி தருபவர். 2-ஆம் நூற்றாண்டின் பெரும் அறிஞர் ரபி மெயிரின் பெயரை ஐரோப்பிய யூதர்கள் பிள்ளைகளுக்கு விரும்பி வைத்தார்கள். ரோத்ஷில்ட் வங்கிக் குடும்பத்தைத் தொடங்கிய மையர் அம்ஷெல் ரோத்ஷில்டுக்கு அது இயற்பெயர். ஆஸ்திரியாவின் இரண்டாம் யோசெஃப் 1787-ல், நெப்போலியன் 1808-ல், பிரஷ்யா 1812-ல் என்று அடுத்தடுத்து ஆட்சிகள் யூதர்களை நிலையான குடும்பப் பெயர் எடுக்கச் சொன்னபோது, தந்தையின் அல்லது பாட்டனின் இயற்பெயரையே குடும்பப் பெயராக்கியவர்கள் பலர். அண்டை வீட்டுக் கிறிஸ்தவ உழவரின் பெயரும் அதுவே என்பதால் அதில் உறுத்தல் இல்லை. இசைநாடக மேதை மையர்பேர், பேர் என்ற குடும்பத்தில் பிறந்து, தாய்வழிப் பாட்டனின் மையர் என்ற பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டவர்.

இப்படி ஒரே பெயரில் இரண்டு மரபுகள் பிரிக்க முடியாதபடி கலந்தன. நாஜி அரசுக்கு இந்தக் கலப்பு பிடிக்கவில்லை. மையர் என்ற பெயரை வைத்து ஒருவர் யூதரா அல்லவா என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது. 1938 ஆகஸ்டில் வந்த ஆணை, அரசு வகுத்த பட்டியலில் இல்லாத இயற்பெயர் கொண்ட யூதர்கள் அனைவரும் 1939 ஜனவரி 1 முதல் கூடுதல் பெயர் தாங்க வேண்டும் என்றது. ஆண்களுக்கு இஸ்ரயேல், பெண்களுக்கு ஸாரா. குடும்பப் பெயர் காட்டிக்கொடுக்க மறுத்ததை இயற்பெயரின் மேல் முத்திரையாகக் குத்தினார்கள். தலைமுறைகளாக ஜெர்மன் மண்ணில் வாழ்ந்த மையர்களுக்கு ஒரு படிவத்தின் ஒற்றைச் சொல்லால் அந்த மண் மறுக்கப்பட்டது. பெயர் வரலாறு என்பது பொழுதுபோக்கு ஆராய்ச்சி என்று நினைப்பவர்கள் இந்த ஆணையை ஒரு முறை படிக்க வேண்டும்.

எபிரேய வடிவத்துக்கே திரும்பியவர்களும் உண்டு. கீவில் பிறந்த கோல்டா மெயிருக்கு மணவாழ்வில் வந்த பெயர் மையர்சன். 1956-ல் இஸ்ரேலின் வெளியுறவு அமைச்சரானபோது, எபிரேயப் பெயர் வேண்டும் என்ற பிரதமர் பென் குரியனின் வற்புறுத்தலில் அதை மெயிர் என்று சுருக்கிக்கொண்டார்.

பரவலாக இருந்த பெயர் பேச்சுமொழியில் பின்னொட்டாகவும் தேய்ந்தது. தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைப்பவர் ஷ்லவ்மையர், எந்தச் சங்கத்தையும் விடாமல் சேர்ந்து கூட்டம் நடத்துபவர் ஃபெரைன்ஸ்மையர். மருத்துவர் அடோல்ஃப் குஸ்மவுலும் அவர் நண்பர் லுட்விக் ஐஹ்ரோட்டும் 1855 முதல் மியூனிக் பத்திரிகை ஒன்றில் பீடர்மையர் என்ற கற்பனைப் பள்ளி ஆசிரியரின் பெயரில் கவிதைகள் எழுதினார்கள். பீடர் என்றால் நேர்மையான, வெகுளியான. அந்தக் கற்பனை மனிதரின் பெயர் பின்னர் 1815 முதல் 1848 வரையான காலத்தின் வீட்டுப் பொருட்களுக்கும் ஓவியத்துக்கும் வாழ்க்கைமுறைக்கும் பெயராகிவிட்டது. காரியஸ்தர் என்ற சொல் ஒரு கலை யுகத்தின் பெயரில் உட்கார்ந்திருக்கிறது.

எல்லை தாண்டிய மையர்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நெதர்லாந்தில் அவர்கள் எழுத்து மாறியது, அல்சாஸில் பிரெஞ்சுக் குடிமக்களானார்கள், அமெரிக்காவில் சிலர் மேயர் என்று உச்சரிக்கப்பட்டார்கள். ஆற்றல் அழிவின்மைக் கோட்பாட்டை முன்வைத்த ஹைல்பிரான் மருத்துவர் ராபர்ட் மையர், தனிமங்களை வரிசைப்படுத்திய லோதர் மையர் என்று புகழ்பெற்றவர்களை அடுக்குவது எளிது. ஒருவர் பெயரில் ஏ-ஒய், மற்றவர் பெயரில் இ-ஒய். அணுக்கருவின் ஓட்டு அமைப்புக்காக 1963-ல் நோபல் பரிசு பெற்ற மரியா கெப்பர்ட் மையருக்கு அந்தப் பெயர் அமெரிக்கக் கணவரால் வந்தது. இவர்களை ஒரே குடும்பத்தின் பெருமையாகத் தொகுக்க எந்த ஆதாரமும் இல்லை.

மரியா கெப்பர்ட்டின் பெயர் இன்னொரு விஷயத்தையும் நினைவூட்டுகிறது. மனைவி கணவரின் பெயரை ஏற்பதுதான் ஜெர்மானிய மரபு என்று இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பேசப்பட்டது. 1900-ல் அமலுக்கு வந்த உரிமையியல் சட்டத் தொகுப்பு அதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. மையர் பண்ணைகளின் ஏடுகளைப் பார்த்தவர்கள் அந்த மரபு எவ்வளவு இளையது என்று அறிவார்கள். மனைவியின் பெயரை இருவருக்கும் பொதுவாகத் தேர்ந்துகொள்ளும் உரிமை 1976-ல் சட்டமாயிற்று. தம்பதிகளுக்குள் ஒத்துவராவிட்டால் கணவர் பெயரே செல்லும் என்ற விதியை அரசியல் சட்ட நீதிமன்றம் 1991-ல் நீக்கியது. 2025 மே 1 முதல் இருவர் பெயரையும் சேர்த்து இரட்டைப் பெயராகவே வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கலாம். வெஸ்ட்ஃபாலியாவில் மையர் பண்ணைக்கு வாழவந்த மாப்பிள்ளைகள் 1822-க்கு முன் யாரிடமும் கேட்காமல் செய்துவந்ததை, ஜெர்மன் ஆண்கள் இப்போது பதிவகத்தில் ஒரு படிவம் நிரப்பிச் செய்கிறார்கள்.